அத்தானின் கைராசி

என் அக்கா சாரங்கா மாட்டுக்கு ஊசி போடுகிறவரைக் கட்டியிருக்காவிட்டால் நான் ஒரு சாதாரண கம்ப்யூட்டர் கடைக்காரனாகவே இருந்திருப்பேன். கிளிநொச்சியில் கடை திறந்து, போட்டோகொப்பி அடித்து, அட்டைகளுக்கு லமினேற் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் லப்டொப்புக்குள் குடியிருக்கும் எறும்புகளைத் தட்டிவிட்டு, பின்னேர பஸ்ஸில் தர்மபுரத்துக்குத் திரும்பியிருப்பேன். யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திராது.

ஆனால் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கிற ப்ரொசெசர் இவ்வளவு வேகத்தில்தான் ஓடலாம் என்று செய்தவன் ஒரு எல்லை வைத்திருப்பான். அந்த எல்லையை மீறி அதை விரட்டுவதற்கு ஓவர்க்ளொக் என்று பெயர். விரட்ட விரட்ட அது கொதிக்கும். காற்றாடி போதாது, தண்ணீரும் போதாது. கடைசியில் திரவ நைட்ரஜன்தான் வேண்டும், பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு பாகை. ஒரு செப்புப் பானையை ப்ரொசெசரின் தலையில் இறுக்கிப் பூட்டி, அதற்குள் அந்தத் திரவத்தை ஊற்றிக்கொண்டே இருந்தால், அது சில நிமிடங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். அந்தச் சில நிமிடங்களைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினால், உலகத்தில் நீ எத்தனையாவது ஆள் என்று ஒரு பட்டியல் சொல்லும். இதனால் என்ன பிரயோசனம் என்று அப்பா ஒருநாள் கேட்டார். ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் வயலுக்கு உரம் எறியப் போய்விட்டார்.

வெளிநாட்டில் இந்தப் பானையைச் செய்து விற்கிறார்கள். நானே செய்ய வேண்டும் என்பது என் திமிர். முதல் பானையை அக்காவின் குசினியில் அடி ஓட்டையாகிக் கிடந்த அலுமினியச் சட்டிகளை உருக்கி, மணலில் அச்செடுத்து வார்த்தேன். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. நைட்ரஜனை ஊற்றிய உடனே அது சத்தம் போட்டு வெடித்து, ஒரு நல்ல மதர்போர்ட்டையும் கூட்டிக்கொண்டு போனது. இரண்டாவதை முழு அலுமினியக் கட்டியில் கடைந்தேன். வெடிக்கவில்லை, ஆனால் குளிரைப் பிடித்து வைக்கவும் இல்லை. செம்புதான் வேண்டும் என்று விளங்கியபிறகு வவுனியாவில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கி, கையளவு தடித்த ஒரு செப்புத் துண்டைக் கண்டுபிடித்தேன்.

அதைக் கடைந்து தந்தவர் பரந்தனில் லேத் வைத்திருக்கிற ஆண்டியப்பன் அண்ணை. உழவு இயந்திரத்தின் அச்சுக்கு புஷ் என்கிற வளையம் கடைகிறவர். செம்பு அவருடைய உளியில் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் அவரைப் பேயாட்டியது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கடைந்தார், தேங்காயெண்ணெய் ஊற்றிக் கடைந்தார், என்னையும் என் பரம்பரையையும் நன்றாக ஏசிக்கொண்டும் கடைந்தார். பானையின் உள்ளடியில் முப்பத்தேழு துளை போட வேண்டும், ஒன்றுகூட மறுபக்கம் வரக்கூடாது என்று நான் சொன்னபோது, மறுபக்கம் வராத துளையைப் போடச் சொல்லுகிற மனிசனை இப்பத்தான் காண்கிறேன் என்றார். துளைகள் இருந்தால் திரவம் செம்பைத் தொடுகிற பரப்புக் கூடும் என்று விளக்கினேன். அவருக்குப் பிடிபட்டுவிட்டது. நான்காம் நாள் அதை ஒரு பழைய சாரத் துணியில் சுற்றி என் கையில் தர வந்தபோது, தரமாட்டேன் என்பதுபோல் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு வடிவான பானை.

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். குகதாசன் அத்தான் போடுகிற ஊசி நோய்க்கான ஊசி அல்ல. பசு சினைக்கு வந்தால் காளையைத் தேடி அலையாமல் இவருக்குப் போன் எடுப்பார்கள். இவர் மோட்டார் சைக்கிளில் போய், உறையவைத்த நல்லினக் காளையின் விந்தைப் பசுவுக்குள் செலுத்திவிட்டு வருவார். அரச உத்தியோகம் இல்லை. தனியாகச் செய்கிறவர். தர்மபுரம் தொடக்கம் விசுவமடு வரைக்கும் வீட்டுக்கு வீடு அவரைத் தெரியும். அந்த விந்து நூல் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களுக்குள் இருக்கும். குழாய்கள் திரவ நைட்ரஜனுக்குள் இருக்கும். எனக்கு அத்தானைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இந்த நைட்ரஜன்தான் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவருக்குக் கைராசி என்று ஊரெல்லாம் ஒரே கதை. மற்றவர்கள் மூன்று தரம் போட்டும் கரு நிற்காத மாடு இவர் ஒருதரம் போட்டால் நிற்கும் என்றார்கள். சனம் ஊசியையோ குழாயையோ நம்பவில்லை, அவருடைய வலது கையைத்தான் நம்பியது. அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அந்தக் கையால் யாரையும் அடிக்க மாட்டார். மகள் குழப்படி செய்தால் இடது கையை ஓங்குவார், அது அவருக்குச் சரிவராது, பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடிவிடும். அந்தக் கைதான் அவர்களுடைய சோறு. அது போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவுதான். அத்தானின் வீட்டு விறாந்தையில் ஒரு பெரிய நைட்ரஜன் கலன் நிற்கும், பால் கொண்டுபோகிற கலன் அளவு. அதன் கழுத்திலிருந்து நீளக் கைபிடியுள்ள ஆறு சிறிய வாளிகள் உள்ளே தொங்கும். குழாய்கள் அந்த வாளிகளில் இருக்கும். மாதத்தில் இரண்டு தரம் ஒரு வண்டி வந்து கலனை நிரப்பிவிட்டுப் போகும். வண்டி வருவதற்கு முதல்நாள், மிச்சமிருப்பதை அத்தான் எனக்குத் தருவார். வாளிகளைத் தூக்கித் தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுதிரிகிற சின்னக் கலனுக்குள் மாற்றிவிட்டு, பெரிய கலனைச் சரித்து என் பிளாஸ்க்கில் ஊற்றுவார். வாளிகள் உள்ளே இருக்கும்போது கலனைச் சரிக்க ஏலாது. வீணாகப் போகிறதை எடுத்தால் எடுத்துவிட்டுப் போ என்பார். பிறகு என் அறைக் கதவில் சாய்ந்து நின்று, நான் பானைக்குள் ஊற்றுவதையும் புகை வழிவதையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த வைகாசியில் இணையத்தில் ஒரு போட்டி நடந்தது. ஒரு குறிப்பிட்ட பழைய ப்ரொசெசரை யார் ஆகக் கூடிய வேகத்தில் ஓடவைப்பது என்று. சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணியோடு முடிகிறது. என்னிடம் அந்த ப்ரொசெசர் பதினொன்று இருந்தது, பழைய கம்ப்யூட்டர்களில் கழற்றியவை. ஒவ்வொன்றாகச் சோதித்து அதில் ஒன்று மட்டும் எந்தக் குளிருக்கும் மசியாமல் ஓடும் என்று கண்டுபிடித்திருந்தேன். இலங்கையில் முதலாவதாக வரலாம். ஆசியாவில் முதல் பத்துக்குள் வரலாம். சனிக்கிழமை மத்தியானம் என்னிடம் இருந்த நைட்ரஜன் முடிந்துபோனது.

அத்தான் வவுனியாவுக்கு இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தார். போகிற வழியில் ஒரு மாடு இருந்ததால் சின்னக் கலனையும் கொண்டு போயிருந்தார். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். ஒரு போன் எடுத்து அத்தானைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

பெரிய கலனைச் சரிப்பதென்றால் வாளிகளை வெளியே எடுத்து வேறு எதிலாவது வைக்க வேண்டும். எனக்கு அனிஸ்ரனின் பெட்டி நினைவுக்கு வந்தது. அனிஸ்ரன் முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்கிறவர். ஐஸ் போட்டு மீன் வைக்கிற அவருடைய பழைய ரெஜிபோம் பெட்டி, வெள்ளை நுரைப் பெட்டி, ஒன்றைப் பரிசோதனைக்கென்று கேட்டு வாங்கி வைத்திருந்தேன். ரெஜிபோம் நைட்ரஜனை நன்றாகத் தாங்கும். ஆறு வாளிகளையும் அதற்குள் படுக்கவைத்து, குழாய்கள் மூடுமளவுக்கு நைட்ரஜன் ஊற்றி, மூடியைப் போட்டேன். பத்து நிமிடத்தில் திருப்பி வைத்துவிடுவதுதான் என் எண்ணம். கலனில் மிச்சம் விட்டு, பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு அறைக்கு ஓடினேன்.

பிறகு நடந்ததைப் பெருமையாகச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் வாய் ஊறுகிறது, வெட்கம் கெட்ட வாய். அந்தப் பானை அன்று வேலை செய்த மாதிரி ஒருநாளும் வேலை செய்யவில்லை. வெளிப்பக்கம் முழுக்க வெண்பனி பூத்து, உள்ளே திரவம் சீராகக் கொதித்துக்கொண்டிருந்தது. குளிரில் ஈரம் படியாமல் இருக்க மதர்போர்ட்டுக்கு வஸ்லின் அப்பியிருந்தேன். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நின்றது. இன்னும் ஏற்றினேன். நின்றது. கம்ப்யூட்டர் ஒருதரம் விழுந்து எழும்பியது. மறுபடி ஏற்றினேன். பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் முடிந்தது என்று சொன்னால் பொய். மணிக்கூடு திரையின் மூலையிலேயே இருந்தது. இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி என்று ஐம்பது நிமிடம் நின்றேன்.

இலக்கத்தைப் படம் பிடித்து ஏற்றிவிட்டு விறாந்தைக்கு வந்தேன். பெட்டியில் புகை இல்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே காய்ந்து கிடந்தது.

மீன்பெட்டிக்கு அடியில் ஐஸ் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும். எல்லா மீன்காரரும் போடுகிற துளை. அனிஸ்ரன் அதற்குச் செருப்பு ரப்பரை வெட்டி அடைப்பு வைத்திருந்தார். ஐஸுக்கு அது காணும். நைட்ரஜன் பட்டதும் ரப்பர் கண்ணாடிபோல் இறுகிச் சுருங்கிக் கழன்றுவிட்டது. ரப்பர் குளிரில் சுருங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி இணையத்தில் மற்றவர்களுக்கு நீளமாகப் பாடம் எழுதியவன் நான். திரவம் முழுக்கச் சீமெந்து நிலத்தில் ஒழுகி ஆவியாகிப் போயிருந்தது. ஆறு வாளியும் வைகாசி வெக்கையில் கிடந்தன. அவற்றில் குழாய்கள் எண்பதுக்கு மேல் இருக்கும்.

ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்தேன். குளிராக இருந்தது. எவ்வளவு குளிர் என்பதுதான் கேள்வி. கொஞ்சம் உருகி மறுபடி உறைந்தாலே உள்ளே இருக்கிற உயிர் செத்துவிடும் என்று அத்தான் பலதரம் சொல்லியிருக்கிறார். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. பானையின் குளிரை அளக்கிற வெப்பமானி என் மற்றக் கையில்தான் இருந்தது. நான் அளக்கவில்லை. வாளிகளைத் தூக்கிக் கலனுக்குள் தொங்கவிட்டு, மூடியைப் போட்டு, பெட்டியை என் அறைக்குள் கொண்டுபோனேன். சிலவேளை தப்பியிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன்.

அத்தான் ஞாயிறு பின்னேரம் வந்தார். முகம் சரியில்லை. போகும்போது மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தானாம். சனம் சுற்றி நின்று போனில் படம் எடுத்ததாம். இவர்தான் தூக்கி ஓட்டோவில் போட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாராம். போய்ச் சேருமுன்னரே பெடியன் முடிந்துவிட்டான். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் நின்ற கலனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் எழும்பிப் போய் அளவுக்குச்சியை விட்டு மட்டம் பார்த்தார். குச்சியில் பனி படிந்த உயரம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வண்டி வந்து நிரப்பிவிட்டது.

நான் இலங்கையில் முதலாவது, ஆசியாவில் ஏழாவது. யாரோ முகநூலில் படம் போட்டார்கள், கிளிநொச்சி இளைஞன் சாதனை என்று. என்னைவிட அத்தானுக்குத்தான் சந்தோசம். பால் சேர்க்கும் இடத்தில் போனை நீட்டி எல்லாருக்கும் காட்டினாராம்.

முதல் மாடு கரு நிற்காமல் இருபத்தொரு நாளில் திரும்பச் சினைக்கு வந்தது. ஒரு மாடு நிற்காமல் போவது சாதாரணம். பிறகு இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது, நான்காவது வந்தது. ஆனி முடியும்போது அவர் ஊசி போட்ட ஒரு மாடும் நிற்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அத்தான் மறுபடி மறுபடி போனார், மறுபடி அதே கலனிலிருந்து எடுத்துப் போட்டார். மிருக வைத்தியரிடம் போய்க் கேட்டார். அவர் பதிவைப் பார்த்து, இதே தொகுதிக் குழாய்கள் மற்ற ஆட்களுக்கும் கொடுத்தது, அவர்களுக்கு நன்றாகத்தான் நிற்கிறது என்றாராம். கலன் வற்றியதா என்றும் கேட்டாராம். ஒருநாளும் வற்றவில்லை என்று அத்தான் அடித்துச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

அக்கா அவரைப்போல் இல்லை. ஒரு பின்னேரம் நான் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சுஜி, அவர் வவுனியா போன நேரம் நீ பெரிய கலன்ல கை வைச்சனியே?"

"ஒரு லீற்றர் எடுத்தனான். குழாய் ஒண்டையும் தொடேல்லை."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் சின்ன வயதிலிருந்து அக்காவுக்குப் பொய் சொன்னதில்லை, அந்த நம்பிக்கையில்தான் அவள் கேட்டாள்.

"அப்ப அவற்ர கைதான்" என்றாள். பிறகு அரிசி களையத் தொடங்கினாள்.

அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். குழாய்களை எறிந்திருப்பார், என்னை ஏசியிருப்பார், ஒரு மாதம் என்னோடு கதைக்காமல் இருந்திருப்பார், ஊருக்குக் காரணம் சொல்லியிருப்பார். அவருடைய கை அவருக்கு மிஞ்சியிருக்கும். எனக்கு அந்த ஏழாவது இடத்தின் பெருமை போய்விடும், கள்ளன் என்ற பேர் வரும் என்று பயம். இன்று யோசித்தால் அற்பமாக இருக்கிறது. அன்று அது பெரிதாக இருந்தது.

இரண்டு வளவு தள்ளி சுமித்திரா அக்கா இருந்தா. தனி ஆள், ஒரு மகளைப் படிப்பிக்கிறவா. சிவப்பும் வெள்ளையுமாக ஒரே ஒரு பசு. அது இந்த முறை நிற்காவிட்டால் விற்றுவிட வேண்டும் என்று அவாவின் தமையன் சொல்லிப்போட்டார். அத்தான் அதற்கு மூன்று தரம் ஊசி போட்டார். மூன்றும் அந்த வாளிகளிலிருந்துதான். ஆவணி மாதம் ஒரு காலை லொறி வந்து பசுவை ஏற்றியது. எங்கே போகிற லொறி என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அத்தான் தெருவுக்கு வராமல் வீட்டுக்குள் இருந்தார். நான் படலையடியில் நின்றேன். சுமித்திரா அக்கா என்னிடம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னா.

"அவரை ஒண்டும் சொல்லாதையுங்கோ தம்பி. கைராசி போனா அந்த மனிசன் என்ன செய்யிறது."

ஓம் என்று தலையாட்டினேன்.

அத்தான் புதுக்குடியிருப்பில் ஒருவரிடம் சாத்திரம் கேட்கப் போனார். அந்த மனிதர் ஏதாவது சாவில் கை வைத்தாயா என்று கேட்டிருக்கிறார். யாரிடம் கேட்டாலும் ஓம் என்று வரக்கூடிய கேள்வி. அத்தானுக்கு மாங்குளத்துப் பெடியன் ஞாபகத்துக்கு வந்தான். தூக்கிய கை வலது கை. இரத்தத்தைக் கழுவினாரே தவிர, தலை முழுகாமல் அப்படியே போய் வழியில் இருந்த மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறார். சின்னக் கலனில் இருந்த நல்ல குழாய்தான், ஆனால் அந்த மாடும் தற்செயலாக நிற்காமல் போனது; அன்றிலிருந்துதான் ஒன்றும் நிற்கவில்லை. நாள் கிழமை எல்லாம் பொருந்தி வந்தது. அதே சனிக்கிழமை. ஊரில் ஒருவரும் தொடாத ஒரு பெடியனை இவர் தொட்டார், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று என் அத்தான் நம்பினார். அவர் செய்ததிலேயே நல்ல காரியத்தை அவரே வெறுக்கத் தொடங்கினார்.

அந்தக் குழாய்கள் ஆவணியோடு முடிந்தன. புதியவை வந்தன. இனிச் சரியாகிவிடும், மாடுகள் நிற்கும், நான் வாய் திறக்காமலே எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நல்ல மாடு வைத்திருப்பவர்கள் விசுவமடுவிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். யாராலும் முடியாமல் கைவிட்ட கிழட்டு மாடுகளுக்குத்தான் இவரைக் கூப்பிட்டார்கள், அவை எவருக்கும் நிற்கப்போவதில்லை. அதோடு அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நான் ஒருநாள் கூடப்போய்ப் பார்த்தேன். குழாயை உருகவைக்க வெந்நீரில் வைத்துவிட்டு நேரம் பார்க்க மறந்தார். ஊசியை உள்ளே விடுமுன்னர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். குழாய் ஆறிப்போனது. ஐப்பசி பிறந்தபோது அவர் பெரிய கலனை விசுவமடு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார்.

எங்கள் பக்கம் காலபோகம் என்கிற மாரிப் பயிருக்கு விதைக்குமுன்னர் நல்ல நாள் பார்த்து நாள் விதைப்புச் செய்வோம். வயல் மூலையில் நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, கைராசிக்காரர் ஒருவரைக் கொண்டு முதல் பிடி நெல்லை எறிவிப்போம். எங்கள் வயலில் ஏழு வருடமாக அதை எறிந்தவர் அத்தான். அந்த ஐப்பசியிலும் அப்பா வழமைபோல அவரைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு ஊர்க்கதை தெரியாமல் இல்லை, மருமகனை விட்டுக்கொடுக்க மனமில்லை. அத்தான் வந்தார். விதைநெல்லுக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு வரம்புவரை வந்து, அங்கே நின்றுவிட்டார். அப்பா கற்பூரம் கொளுத்துவதற்காகக் குனிந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

"நீ எறி" என்றார் அத்தான் என்னிடம்.

நான் மாட்டேன் என்றேன். அவர் கடகத்தை நீட்டிக்கொண்டே நின்றார். ஐந்து மாதமாக மறைத்ததை அப்போதுதான் சொன்னேன்.

"அத்தான், அந்தப் பெடியனைத் தூக்கினதால இல்லை. நான்தான். நீங்கள் இல்லாத நேரம் வாளி எல்லாத்தையும் மீன்பெட்டிக்குள்ள வைச்சனான். அது ஒழுகி, குழாயெல்லாம் வெக்கையில கிடந்தது. செத்திருக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் திருப்பி வைச்சனான்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் முகம் இளகியது.

"இப்பிடிச் சொல்லச் சொல்லி அக்கா விட்டவவோ?"

"இல்லை அத்தான். சத்தியமா நான்தான்."

"அந்தக் குழாய் ஆவணியோட முடிஞ்சுது, சுஜி. பிறகு போட்டதெல்லாம் புதுசு. அதுகள் ஏன் நிக்கேல்லை?"

என்னிடம் மறுமொழி இருந்தது. பயம் பிடித்த கை பிழை விடும், கிழட்டு மாடு நிற்காது, அந்தப் பயத்தை ஊட்டியவன் நான் என்று சொல்லலாம். சொன்னேன். சொல்லச் சொல்ல அது ஒரு நல்ல மைத்துனன் கஷ்டப்பட்டுக் கட்டுகிற சமாதானம் போலவே என் காதுக்கும் கேட்டது. மீன்பெட்டியை எப்போதோ எரித்துவிட்டிருந்தேன். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் என் தோளைத் தட்டினார்.

"உனக்கு நல்ல மனம்" என்றார்.

பிறகு என் வலது கையை எடுத்து விரித்து, அதில் நெல்லை அள்ளி வைத்து, விரல்களை மூடிவிட்டார். அப்பா நேரம் போகுது என்று கூப்பிட்டார். நான் கிழக்கே பார்த்து எறிந்தேன்.

அந்த வருடம் மழை நேரத்துக்குப் பெய்தது, குளத்துத் தண்ணீர் குறைவில்லாமல் வந்தது, பூச்சி இல்லை. எங்கள் வயல் விளைந்த மாதிரி அந்த வாய்க்காலில் ஒரு வயலும் விளையவில்லை. அடுத்த புரட்டாதியில் மூன்று வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார்கள், தங்கள் வயலுக்கும் முதல் பிடி நான்தான் எறிய வேண்டும் என்று. அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அத்தான். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை ஏற்கெனவே சொல்லிப் பார்த்தாயிற்று. மூன்று வயலிலும் போய் எறிந்தேன்.